காரணம் எழுதும் கட்டம்

ஜனவரி 6, திங்கள்

வீட்டுக்காரி கஸ்தூரி அனுப்பிய பொங்கல் பார்சலில் முறுக்கு, எள்ளடை, அதோடு இந்த டைரி. குடியாத்தத்தில் ஏதோ ஜவுளிக் கடையில் சும்மா கொடுத்தார்களாம். "ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கறீங்களே, உங்களுக்குன்னு நாலு வரி எழுதுங்க" என்று போனில் சொன்னாள். எழுதுவதற்கு எனக்கு என்ன பஞ்சம்?

ஹவில்தார் தணிகாசலம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இந்தப் பட்டாலியன் அலுவலகத்தில் எழுத்தர். எவன் வீட்டுக்குப் போவதானாலும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். பணிக்காலம் முடிவதற்கு முன்பே ராணுவத்தை விட்டுப் போக விரும்புகிறவன் விடுவிப்பு மனு கொடுப்பான். இதுவரை முப்பத்தொரு மனு என் கையால் போயிருக்கிறது. முப்பத்தொன்றும் பாஸ். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வருகிற ஏப்ரலில் நாயப் சுபேதார் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது என்றால் சும்மாவா?

சூட்சுமம் இவ்வளவுதான். மனுவில் 'காரணம்' என்று இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற காரணத்தைத்தான் எழுத வேண்டும். தாயார் படுக்கை. தகப்பனார் காலமானார், நிலத் தகராறு. இதைத் தாண்டி ஒருவன் மனசில் என்ன இருந்தாலும் அதை என்னோடு டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்துவிட்டது. நூல் சுற்றி வைத்திருக்கிறேன். கண்ணாடி இல்லாவிட்டால் தணிகாசலம் குருடு என்பது பட்டாலியனுக்கே தெரியும்.


ஜனவரி 9, வியாழன்

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபிறகு லிங்கத்துரை வந்தான். நாயக் லிங்கத்துரை, விளாத்திகுளம் பக்கம். ஒன்பது வருஷ சர்வீஸ். குறிபார்த்துச் சுடுவதில் மூன்று வருஷமாக அவனை அடிக்க ஆளில்லை. மற்றவர்களுக்குச் சுடச் சொல்லிக் கொடுப்பவனும் அவன்தான்.

"அண்ணே, நான் போவணும்."

"பொங்கலுக்கு இப்ப வந்து லீவு கேட்டா எப்படிப்பா?"

"லீவு இல்லண்ணே. மொத்தமா."

பேனாவை எடுத்தேன். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"அம்மா நல்லாருக்கா."

"நிலத் தகராறு?"

"நெலம் இருந்தாத்தான தகராறு."

"அப்ப இன்னாதாம்பா காரணம்?"

"ஆளச் சுட மாட்டேன்னு தோணிட்டு."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. பட்டாலியனிலேயே நன்றாகச் சுடுகிறவன் வந்து சுட மாட்டேன் என்றால், நாவிதன் கத்தியைத் தொட மாட்டேன் என்ற மாதிரி இருக்கிறது. "போய்ச் சாப்பிடு, பசிச்சா இப்படித்தான் தோணும்" என்று அனுப்பிவைத்தேன்.


ஜனவரி 11, சனி

விடமாட்டேன் என்கிறான். கேன்டீன் பின்னால் இருக்கிற வேப்பமரத்தடிக்கு டீ குடிக்கக் கூட்டிப்போய், என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

போன செப்டம்பரில் நாங்கள் மலைமேல் எல்லைக் காவலில் இருந்தோம். அப்போது பதற்றமான ஒரு வாரம். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் அவர்களுடைய காவல் சாவடி. அங்கே தினமும் காலையில் ஒருவன் கம்பளியை வெயிலில் போட வருவான். உத்தரவு வந்ததும் அவனைச் சுட வேண்டும் என்று லிங்கத்துரையை உட்கார வைத்தார்கள். மூன்று நாள் தூரத்தையும் காற்றையும் கணக்குப் பண்ணிக்கொண்டு தொலைநோக்கியில் அவனையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். மூன்றாம் நாள், வேண்டாம், எழுந்து வா என்று சொல்லிவிட்டார்கள்.

"சுடலதானே? அப்புறம் இன்னா?" என்றேன்.

"அதாண்ணே சங்கதியே. வெளிய வந்து ஒக்காந்து நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அடச்சே, மூணு நாளு வீணாப் போச்சேன்னு நெனச்சேன். அங்க அவன் கம்பளிய ஒதறி மடிச்சிட்டு உள்ள போறான். எனக்கு ஆத்திரமா வருது. எனக்கும் அவனுக்கும் என்ன பகை? அப்பத்தான் பயந்துட்டேன். அவனப் பாத்து இல்ல. என்னையப் பாத்து."

மலை உயரத்தில் எல்லாருக்கும் மண்டை கிறுகிறுக்கத்தான் செய்யும் என்று சொன்னேன். நானும் ஒரு காலத்தில் துப்பாக்கி தூக்கினவன்தான். சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம். அப்புறம் பார்வை குறைந்து அலுவலகத்துக்கு வந்துவிட்டேன். அது வேறு கதை.

ஏப்ரல் ஒன்றாம் தேதி பட்டாலியன் மறுபடியும் அதே மலைக்குப் போகிறது. "அதுக்குள்ள அனுப்பிட்டா நல்லது. இல்லன்னா அங்க வந்து உத்தரவு போடும்போது முடியாதும்பேன்" என்றான். அங்கே முடியாது என்றால் கோர்ட் மார்ஷல். ஜெயில். மடையா, உனக்கென்ன பைத்தியமா என்று திட்டினேன். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.


ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சமையல்கூடத்துக்கு வெளியே அண்டாவில் பொங்கினோம். பஞ்சாபிக்காரர் ஒருவர் "இது இனிப்புக் கிச்சடியா?" என்று கேட்டு மூன்று தட்டுச் சாப்பிட்டார். பனி கொட்டுகிறது. லிங்கத்துரை விறகு பிளந்து கொடுத்தான். கோடரியைப் பிடிக்கிற அழகே தனி.


ஜனவரி 16, வியாழன்

லிங்கத்துரை தன் கையால் தமிழில் எழுதிய மனுவைக் கொண்டுவந்து கொடுத்தான். பட்டாலியன் தலைமை அதிகாரியான கர்னலுக்குத் தமிழ் தெரியாது, நான் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும். படித்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. இதைக் கர்னலிடம் கொண்டுபோனால், மனு குப்பைக்கும் அவன் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கும் போவது நிச்சயம்.

"சரிப்பா, போடறேன்" என்றேன்.

போட்டேன். ஆனால் என் பாணியில். பச்சைக் கோப்பில் ஒவ்வொருவனும் பட்டாலியனில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுப் படிவங்கள் ஆளுக்கு ஆறு இருக்கும். தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. ஒருவன் மலைமேல் இருக்கும்போது அப்பா செத்தால், அவன் இறங்கி வருவதற்குள் லீவு தயாராக இருக்கிறதே, அது இந்தக் கோப்பின் புண்ணியத்தில்தான். லிங்கத்துரை கையெழுத்திட்ட படிவம் ஒன்றை எடுத்து, 'தாயார் பூலம்மாள் (58) பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருப்பதாலும், கவனிக்க வேறு ஆள் இல்லாததாலும்' என்று டைப் அடித்தேன். கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

அவன் எழுதிய தாளை மேஜை இழுப்பறையில் வைத்தேன். கிழிக்க மனசு வரவில்லை.

எழுந்து திரும்ப உட்கார்ந்தபோது கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கம் தூள். ஒற்றைக் கண்ணாடியோடு மாட்டிக்கொண்டு மீதி நாலு கடிதத்தையும் அடித்து முடித்தேன். ஒரு பிழை இல்லை.


ஜனவரி 21, செவ்வாய்

லிங்கத்துரை மனு போயிற்று. முப்பத்திரண்டு.


பிப்ரவரி 5, புதன்

ஜெனரல் பார்வையிட வருகிறாராம். அசையாமல் நிற்பதற்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். இனிமேல் சுடுபயிற்சி கொடுக்க மனசாட்சி ஒப்பவில்லை, வேறு எந்த வேலை வேண்டுமானாலும் கொடுங்கள் என்று லிங்கத்துரை கேட்டிருக்கிறான். அவனுடைய மேலதிகாரி சுபேதார் செபஸ்தியானுக்குக் கோபம் தலைக்கேறி, பரேடு மைதானத்தைச் சுற்றி இருக்கிற கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க விட்டுவிட்டார். இருநூற்றுப் பத்துக் கல். அதையும் ஒழுங்காகத்தான் செய்கிறான். என் ஜன்னலிலிருந்து பார்த்தேன், கடைசிக் கல்லில் மட்டும் ஒரு துளி வழிந்திருக்கிறது.

மத்தியானம் சுபேதார் அவனை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "ஏண்டா, உன்ன யாராவது கழுத்தப் புடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாங்களா? திருச்சி ஆள் எடுப்புல வெயில்ல ஓடி, நெஞ்சு நிமித்தி, நீயா வந்து சேந்தவன்தானே?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன மனசாட்சி?"

"இழுத்துட்டு வந்திருந்தா ஓடிப் போயிருப்பேன் சார். நானா வந்ததுனாலதான் கேட்டுட்டுப் போறேங்கேன்."

சுபேதார் சுண்ணாம்பு வாளியை உதைத்துவிட்டுப் போனார். வழக்கமாகச் சிரிக்கிற கூட்டம் இன்று சிரிக்கவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. ரசத்தில் புளி அதிகம்.


பிப்ரவரி 9, ஞாயிறு

கஸ்தூரி போன் பண்ணினாள். கண்ணாடி உடைந்து மூன்று வாரமாயிற்றே, எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். பழக்கம் என்றேன். டவுனில் போய்க் கண்ணைக் காட்டுங்கள் என்றாள். பார்க்கலாம் என்றேன்.


பிப்ரவரி 17, திங்கள்

வந்துவிட்டது வினை.

மனுவில் சொன்ன காரணம் உண்மையா என்று ஊரில் விசாரிப்பார்கள். வழக்கமாக அங்கே இருக்கிறவர்கள் மனசு வைத்து 'உண்மை' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். லிங்கத்துரையின் அம்மாவைப் பார்க்கப் போன கிராம நிர்வாக அலுவலர் எந்த ஊர் உத்தமரோ தெரியவில்லை. எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து. ஒரே மூச்சில் படித்தேன்:

'மேற்படி பூலம்மாள் கரி தயாரிக்க வேலிக்கருவேல விறகு அடுக்கிய கரிமூட்டத்தின் மேல் ஏறி நின்று மண் போட்டுக்கொண்டிருந்தார். படுத்த படுக்கை குறித்து வினவியதற்கு, யார் படுத்துக் கிடக்கிறார், எவன் சொன்னான் என்று கேட்டு மண்வெட்டியுடன் இறங்கி வந்தபடியால், விசாரணை அத்துடன் முடித்துக்கொள்ளப்பட்டது.'

சிரிப்பு வந்தது. அப்புறம் மேல் தாளைப் பார்த்தேன். மேலே ஆங்கிலத்தில் இணைத்திருந்த கடிதத்தில் 'தாயார் பூரண நலம், மனு பொய்' என்று ஒரே வரி. அதைக் கர்னல் காலையிலேயே படித்துவிட்டார்.

பொய்த் தகவல் கொடுத்த குற்றத்துக்கு லிங்கத்துரைக்கு இருபதாம் தேதி கர்னல் முன் விசாரணை. "மனசாட்சின்னு மேடைப் பேச்சு பேசினான்ல, பாத்தியா? உயிரோட நல்லா இருக்கற தாயப் படுக்கையில போட்டவன்" என்று சுபேதார் மைதானம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறார். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் லிங்கத்துரைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் இடம் விட்டு நிற்கிறார்கள். அவனுக்கு இன்னும் என்ன விஷயம் என்றே தெரியாது.


பிப்ரவரி 18, செவ்வாய்

பதற வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய சிக்கலை எல்லாம் அவிழ்த்தவன் நான். பக்கவாதம் வந்தது, நாட்டு வைத்தியத்தில் குணமாகிவிட்டது என்று ஒரு டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிவிட்டால் முடிந்தது. லிங்கத்துரையைக் கூப்பிட்டு, விசாரணையில் அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன்.

முழுதும் கேட்டுவிட்டு, "எங்கம்மாவுக்கு எப்பண்ணே பக்கவாதம் வந்துச்சு?" என்றான்.

சொன்னேன். எல்லாவற்றையும்.

"நான் எழுதுன தாளு?"

இழுப்பறையைத் திறந்து காட்டினேன். எடுத்துக்கொள்வான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"உன் நல்லதுக்குத்தாம்பா செஞ்சேன். அது பாஸாவாது. என் சர்வீஸ்ல நான் பாக்காததா?" என்றேன்.

"ஒரு ஆளக் கொல்ல மாட்டேன்னு சொல்லத்தான ஒங்ககிட்ட வந்தேன். எங்கம்மாவப் படுக்கப் போட்டுட்டீகளே." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "சாப்பாட்டு வரிசைல தள்ளித் தள்ளி நிக்கானுவ. என்னத்துக்குன்னு இப்பத்தான் தெரியுது."

"நாளன்னிக்கு இன்னா சொல்லப் போற?"

"ஒங்க பேர எடுக்க மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் நிக்க முடியுதோ நிக்கேன்."

கதவுவரை போய்த் திரும்பினான். "அண்ணே, அந்தக் கண்ணாடில எந்தப் பக்கம் இல்லன்னு தெரியுமா?"

வலப்பக்கத்தைத் தொட்டேன். விரலில் கண்ணாடி தட்டுப்பட்டது.

"தினமும் கண்ணாடி வழியாப் பாத்துச் சுடுதவன் நான். பவர் உள்ள கண்ணாடின்னா அதுக்குப் பின்னால இருக்க எழுத்து பெருசாவோ சிறுசாவோ தெரியணும்லா? ஒங்களதுல அப்படியே தெரியுது. நாலு வருஷமா எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்." கதவைத் திறந்தான். "நீங்களும் கேட்டிருக்கலாம்ண்ணே."

என்ன திமிர் அவனுக்கு. நான் எதைக் கேட்டிருக்க வேண்டுமாம்?


பிப்ரவரி 19, புதன்

விசேஷம் ஒன்றுமில்லை. தபால் ஏழு. ஸ்டேப்ளர் வேலை செய்யவில்லை.


பிப்ரவரி 20, வியாழன்

காலை பத்து மணி. குற்றம் சாட்டப்பட்டவனைத் தொப்பியும் பெல்ட்டும் கழற்றிவிட்டுத்தான் கர்னல் முன் கொண்டுவருவார்கள். சுபேதார் லெப்ட் ரைட் சொல்ல, லிங்கத்துரை வந்து நின்றான். கோப்புகளோடு நான் ஓரமாக நின்றேன். கர்னல் இந்தியில் கேட்டார், இங்கே நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமாம் சார்."

"உன் தாய் நோயாளியா?"

"இல்லை சார்."

"அப்படியானால் பொய் எழுதினாய்."

"நான் எழுதவில்லை சார்."

"யார் எழுதியது?"

லிங்கத்துரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். கர்னல் இரண்டாம் தடவை கேட்டார். நிற்கிறான். சுபேதார் "பதில் சொல்லுடா" என்று பல்லைக் கடித்தார். நிற்கிறான். தன் பெயருக்கு நேரே 'பொய்யன்' என்று எழுதப்போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் வாய் திறக்காமல் நிற்கிறான், என் பெயரை எடுக்கக் கூடாது என்பதற்காக. ஏப்ரல் பட்டியலில் என் பெயர் முதலில் இருப்பதும் ஞாபகம் வந்தது. வரத்தான் செய்யும், நான் ஒன்றும் மகான் இல்லையே.

"நான் எழுதினேன் சார்" என்று யாரோ சொன்னார்கள். பார்த்தால் நான்தான்.

பச்சைக் கோப்பு, வெற்றுக் கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறையிலிருந்து கொண்டுவந்திருந்த தாளை மேஜைமேல் வைத்தேன். ஆமாம், கொண்டுவந்திருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

கர்னல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படி" என்றார். தமிழில் இருப்பதைப் பார்த்து இந்தியில் சொல்லிக்கொண்டே போனேன்:

'ஐயா, நான் பத்தொன்பது வயதில் என் விருப்பப்படி சேர்ந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. இங்கே எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போது ஒரு மனிதனைச் சுட என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முடியாது என்றால் கை நடுக்கம் அல்ல, கண் குறைவும் அல்ல. எல்லாம் நன்றாக இருக்கிறது. தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தால், என்னை நம்பிப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு நான் துரோகம் செய்கிறேன். ஆகவே என்னை விடுவிக்க வேண்டுகிறேன்.'

மொழிபெயர்க்கும்போது 'நான்', 'எனக்கு' என்றுதானே சொல்ல வேண்டியிருக்கிறது. கண் குறைவும் அல்ல என்ற வரியை இரண்டு தடவை படித்துவிட்டேன். சுபேதார் தண்ணீர் கொடுத்தார்.

"இதை ஏன் என்னிடம் கொண்டுவரவில்லை?" என்றார் கர்னல்.

"இது பாஸாகாது சார்."

"யார் சொன்னது? என்னைக் கேட்டாயா?"

"இல்லை சார்."

"இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு. இப்படி ஒரு மனுவை நான் பார்த்ததே இல்லை. இப்படி நினைக்கிறவனே எங்கள் படையில் கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்." என்னையே பார்த்தார். "உன்னைப்போல எத்தனை எழுத்தர்கள் இருக்கிறார்களோ."

என் முப்பத்தொரு மனுவும் அந்த நிமிஷம் என் மூஞ்சியில் வந்து விழுந்தன.

பிறகு லிங்கத்துரையிடம், "எல்லாரும் உன்னைப்போலக் கிளம்பினால் எல்லையை யார் காப்பது?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் இப்படித் தோன்றாது சார். தோன்றாதவர்கள் நல்லவர்கள்தான். தோன்றியவனை நம்பி எல்லையைக் கொடுக்கக் கூடாது."

கர்னல் பேனாவைத் திறந்தார். குற்றச்சாட்டை அடித்துவிட்டார். மனுவை அவரே பரிந்துரைத்து மேலே அனுப்புவாராம். பாஸாகுமா என்று உறுதி சொல்ல முடியாது, அதுவரை சமையல்கூட வேலை என்றார். எனக்குக் கடும் கண்டனம், பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து நீக்கம்.

வெளியே வந்ததும் சுபேதார் தன் கையாலேயே லிங்கத்துரையின் பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். "அம்மா எப்படிடா இருக்காங்க?" என்றார். அவ்வளவுதான் அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியும்.


பிப்ரவரி 22, சனி

பச்சைக் கோப்புக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு காலை வரிசைக்குப் போனேன். பெயர் கூப்பிட்டு அவரவர் கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களை அவரவரிடமே கொடுத்தேன். "அவசரத்துக்கு லீவு யார் போடுவாங்க?" என்று ஒருவன் கத்தினான். "வந்து கையெழுத்துப் போடு, வாய் இருக்கில்ல, கேளு" என்றேன். நாலாயிரம் தாளுக்கு மேல் இருக்கும். மைதானம் பூராவும் வெள்ளை வெளேரென்று பறந்தது. ஜெனரல் வந்தால் சுண்ணாம்புச் செலவு மிச்சம்.


மார்ச் 10, திங்கள்

மேலிடத்திலிருந்து பதில். மனு பாஸும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. இரண்டு கேள்வி.

ஒன்று: தானாக முன்வந்து சேர்ந்தவர் இக்காரணத்தைக் கோருவது எவ்வாறு பொருந்தும்?

இரண்டு: இதே பட்டாலியனில் முன்னுதாரணம் இருப்பின் இணைக்கவும்.

முதல் கேள்விக்கு, லிங்கத்துரை சுபேதாரிடம் சொன்னதை அப்படியே அடித்தேன். மெருகேற்ற ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. இரண்டாவதுதான் இடிக்கிறது. அலுவலகம் என்றால் முன்னுதாரணம் இல்லாமல் நாற்காலிகூட நகராது. மலைக்கு ரயில் ஏற இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது.


மார்ச் 11, செவ்வாய்

பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று. இதில் நிஜமாகவே தாயார் படுக்கையில் இருந்தது நாலு பேருக்கு. மீதிப் பேர் எதற்காகப் போனார்கள் என்று எனக்குத் தெரியும், வேப்பமரத்தடியில் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஐந்தாறு பேர் லிங்கத்துரை சொன்னதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள். அவர்களெல்லாம் இப்போது ஊரில் பஸ் ஓட்டுகிறார்கள், பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை இழுக்க எனக்கு உரிமை கிடையாது.

என் கையில் இருக்கிற பெயர் ஒன்றுதான்.


மார்ச் 12, புதன்

எழுதினேன். இங்கேயும் ஒரு பிரதி இருக்கட்டும்.

சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு கிராமத்தில் வீடு வீடாகச் சோதனை. ஆண்களைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தோம். எனக்கு முன்னால் என் அப்பா வயதில் ஒருவர். என் துப்பாக்கியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே உடையை நனைத்துக்கொண்டார். பக்கத்தில் அவருடைய மகன் உட்கார்ந்திருந்தான், வேறு பக்கம் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அவரை அடிக்கவில்லை, ஒரு சொல்கூடத் திட்டவில்லை. என்னைப் பார்த்து ஒரு மனிதருக்கு அப்படி ஆயிற்று, அவ்வளவுதான். அன்றிலிருந்து துப்பாக்கியை எடுத்தால் அவர் முகம்தான்.

கேட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை. சம்பளம் வேண்டும், ஊரில் பட்டாளத்தான் என்ற பெயரும் வேண்டும். ராணுவ ஆஸ்பத்திரியில் கண் சோதனையின்போது மூன்றாவது வரியில், தெரியவில்லை என்றேன். கண்ணாடி கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தால் தலை சுற்றியது. டவுனில் வெறும் கண்ணாடி மாற்றிப் போட்டுக்கொண்டேன். இருபது வருஷமாக ஒவ்வொரு சோதனையிலும் மூன்றாவது வரியில் நின்றுவிடுவேன்.

'முன்னுதாரணம்: ஹவில்தார் தணிகாசலம். மேற்படி காரணத்தை உரிய நேரத்தில் கேட்கத் தவறியவர்' என்று அடித்துக் கையெழுத்திட்டேன். கர்னலிடம் கொடுத்தபோது, "இதனால் உனக்கு என்ன ஆகும் என்று தெரியுமா?" என்றார். "இந்தப் பட்டாலியனில் விதிமுறை என்னைவிட யாருக்கு சார் தெரியும்?" என்றேன். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.


மார்ச் 13, வியாழன்

கஸ்தூரியிடம் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று பயந்தேன்.

"கண்ணு நல்லாருக்கறது எனக்குத் தெரியாதாக்கும்? சோத்துல ஒரு முடி கிடந்தா வாசல்ல இருந்தே கண்டுபுடிக்கிற ஆளு நீங்க" என்றாள்.

"அப்புறம் ஏண்டி இத்தன வருஷம் கேக்கல?"

"நீங்களா சொல்லணும்னு இருந்தேன்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "வேல போயிடுமா?"

"போகலாம்."

"சரி, வாங்க. பத்திரம் எழுதிக் குடுக்க குடியாத்தத்துல ஆளா இல்ல? ஆனா ஒழுங்கா எழுத ஆள் இல்ல."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இன்றுதான் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இப்படி எழுதினால் அடிப்பாள். மற்ற நாளிலும் இருந்திருக்கிறது.


மார்ச் 27, வியாழன்

வந்துவிட்டது. நாயக் லிங்கத்துரை விடுவிக்கப்படுகிறார். 'காரணம்' கட்டத்தில் நான் அடித்தது அப்படியே இருக்கிறது: மனசாட்சி. கட்டத்தில் பாதி இடம் மிச்சம்.

சாயங்கால ரயில். வாசல்வரை போனேன். சமையல்கூடத்து ஆட்கள் அவனுக்குச் சப்பாத்திப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். சுபேதார் கையைக் குலுக்கிவிட்டு, விளாத்திகுளம் மிளகாய் வற்றல் அனுப்பச் சொன்னார்.

"ஊர்ல இன்னா பண்ணப் போற?"

"அம்மாகூடக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். மொதல்ல அவகிட்ட அடி வாங்கணும். யாருடா என்னையப் படுக்கப் போட்டதுன்னு மண்வெட்டியோட காத்துட்டு இருக்கா."

"நான்தான்னு சொல்லு."

"அதெப்படிண்ணே, நீங்களே வந்து சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்தான். விட மனசில்லை இரண்டு பேருக்கும். ரயில் நேரமாகிவிட்டது.


மார்ச் 28, வெள்ளி

என் விஷயத்தில் முடிவெடுக்கும் முன் கண்ணைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு. ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடியை மேஜை இழுப்பறையிலேயே வைத்துவிட்டேன். இளவயது டாக்டரம்மா. ஆறு மீட்டர் தூரத்தில் உட்கார வைத்து அட்டையைக் காட்டினார்.

"எதுவரை தெரிகிறதோ அதுவரை படியுங்கள்."

முதல் வரி படித்தேன். இரண்டாவது படித்தேன். மூன்றாவது வரியில் பழக்கதோஷம், நாக்கு நின்றுவிட்டது. டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"இருங்க மேடம், இன்னும் இருக்கு" என்றேன்.

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. ஒரு எழுத்து தவறவில்லை. கடைசி வரியும் முடிந்தது. அதற்கும் கீழே, அட்டையின் ஓரத்தில், பொடி எழுத்தில் அதை அச்சடித்தவன் பெயரும் ஊரும் போட்டிருந்தது.

அதையும் படித்தேன்.